மயில்கழுத்து கத்திரிப்பூ ஆன கதை

அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்ச கதையை எங்க வீட்ல இன்னும் யாரும் மறக்கலை. முகூர்த்தப் புடவை மயில்கழுத்து கலர். பத்திரிகையும் அதே கலர்லதான் இருக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னா. டிசைன் பண்ணிக் கொடுத்தது அவளோட ஃப்ரெண்ட். என் லேப்டாப்ல பார்த்தப்போ பிரமாதமா இருந்தது. மதுரையில ஒரு டிஜிட்டல் பிரஸ்ல 500 பத்திரிகைக்கு ஆர்டர் கொடுத்தோம். முதல்ல 200 வந்துச்சு. கட்டைப் பிரிச்சுப் பார்த்தா, சுத்தமான கத்திரிப்பூ கலர்!

அக்கா அழ ஆரம்பிச்சுட்டா. "இதுவும் நல்லாத்தானடி இருக்கு"ன்னு அம்மா சொல்லப் போக, அழுகை ரெண்டு மடங்காச்சு. நான் வேற, "ஸ்க்ரீன்ல ஒரு மாதிரி தெரியும், பேப்பர்ல ஒரு மாதிரி வரும், அவ்வளவுதான்" என்று எல்லாம் தெரிஞ்ச ஏகாம்பரம் மாதிரி சொல்லி வெச்சேன். சாஃப்ட்வேர் இஞ்சினியர் இல்லையா, டிவி ரிமோட் மக்கர் பண்ணினாக்கூட எங்க வீட்ல என்னைத்தான் கேப்பாங்க.

சித்தப்பா மட்டும் ஒண்ணும் பேசலை. பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்தார். நீலத்தை அவர் பார்க்கவே இல்லை. "நிகழும் மங்களகரமான"ன்னு கறுப்புல அடிச்சிருந்த வரி மேல லென்ஸை வெச்சு ஒரு நிமிஷம் குனிஞ்சு பார்த்தார். நிமிர்ந்து, "ரெண்டு தடவை மாத்தியிருக்காங்கடா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் தேடிப் போனதுதான் இந்தப் பதிவு. போன இடம் 300 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுச்சு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கங்க மக்களே.

முதல்ல அடிப்படை. ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் கூட்டி நிறம் காட்டுது: சிவப்பு, பச்சை, நீலம். பேப்பர்ல மை வெளிச்சத்தைத் தின்னுட்டு மிச்சத்தை நமக்குத் திருப்பித் தருது: சயான், மெஜந்தா, மஞ்சள், கூட கறுப்பு. மூணு எண்ணில் இருக்கிற நிறத்தை நாலு எண்ணா மாத்தியாகணும். மாத்துறதுன்னு ஒண்ணு கட்டாயம் நடக்கும். ஆனா யார் மாத்துறது, எங்கே வெச்சு மாத்துறது? உங்க மேஜை மேல இருக்கிற கம்ப்யூட்டரா, நடுவுல உட்கார்ந்திருக்கிற பிரிண்ட் சர்வரா, இல்லை பிரிண்டரேவா? கேக்கறதுக்கு ரொம்ப அற்பமா இருக்கில்ல? இதுக்காகத்தான் ஒரு தொழிலே அடிச்சுக்கிட்டிருந்திருக்கு.

1700களின் ஆரம்பத்துல ஜேக்கப் கிறிஸ்டோஃப் லெ ப்ளான் என்று ஒரு மனுஷர். ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். நீலம், மஞ்சள், சிவப்பு, மூணு செப்புத் தகடு, ஒண்ணு மேல ஒண்ணு அச்சடிச்சா முழு வண்ண ஓவியம்னு கண்டுபிடிச்சார். 1719-ல் இங்கிலாந்தில் பேடன்ட்டும் வாங்கினார். பின்னால கறுப்பையும் நாலாவது தகடா சேர்த்தார். அப்போ கேமராவே கிடையாது. ஓவியத்தைக் கண்ணால பார்த்து, இந்த இடத்துல எத்தனை பங்கு நீலம், எத்தனை பங்கு மஞ்சள்னு மனசுக்குள்ளயே பிரிச்சு, அதைத் தகட்டில் சுரண்டணும். மொத்தக் கன்வெர்ஷனும் ஒரு ஆளோட மண்டைக்குள்ள! லண்டன்ல அவர் ஆரம்பிச்ச கம்பெனி திவால் ஆனதுல எனக்கு ஆச்சரியமே இல்லை. ஸ்கேல் ஆகாத ஆர்க்கிடெக்சர்.

பிறகு கேமரா வந்தது. ஃபில்ட்டர் போட்டுப் படம் எடுத்து நிறம் பிரிச்சாங்க. ஆனா மை உத்தமமான மை இல்லை. மெஜந்தா பச்சை வெளிச்சத்தை மட்டும் தின்னணும், அது கொஞ்சம் நீலத்தையும் சேர்த்துத் தின்னுடும். சயானுக்கும் அதே கெட்ட பழக்கம். அதனால ஃபிலிம்ல ஒவ்வொரு புள்ளியையும் ரசாயனம் தொட்டு அரிச்சுக் குறைக்கிற ஆட்கள் இருந்தாங்க. கோடாக் ஆய்வகத்தில் அலெக்ஸாண்டர் மர்ரே, ரிச்சர்ட் மோர்ஸ் என்ற ரெண்டு பேர், இந்தத் திருத்தத்தை மின்சுற்றே செய்யட்டும்னு ஒரு ஸ்கேனருக்கு 1937-ல் பேடன்ட் விண்ணப்பம் போட்டாங்க. அதை டைம் பத்திரிகைக் குழுமம் எடுத்து வளர்த்தது. அப்புறம் ஜெர்மனியில் கீல் நகரத்து ஹெல் கம்பெனி, லண்டனில் கிராஸ்ஃபீல்டு என்று டிரம் ஸ்கேனர்கள் வந்தன. கண்ணாடி உருளையில் ஸ்லைடை ஒட்டிச் சுத்தவிட்டா, மறுபக்கம் நாலு ஃபிலிம் வரும்.

எங்க சித்தப்பா உட்கார்ந்திருந்தது இங்கேதான். சிவகாசியில ஒரு பிரஸ்ல, காலண்டருக்கு சாமி படம் ஸ்கேன் பண்ற செக்‌ஷன். மெஷின் முழுக்கக் குமிழ்கள். முருகன் முகத்துல மெஜந்தா ஒரு சொட்டு ஜாஸ்தியானா காய்ச்சல்காரர் மாதிரி இருப்பார், குறைஞ்சா மஞ்சள் காமாலை. எந்த பேப்பர், எந்த மை, எந்த மெஷின், இன்னிக்கு ஈரப்பதம் எப்படி எல்லாம் அவருக்குத் தெரியும். அதைவிட முக்கியம், படம் எப்படி வரணும்னு கஸ்டமர் ஆசைப்படுறார் என்பதும் தெரியும். மாத்துறவரும் பொறுப்பேத்துக்கிறவரும் ஒரே ஆள். படம் கெட்டா திட்டு வாங்க வேண்டியது யாருன்னு பிரஸ்ல யாருக்கும் சந்தேகமே வராது.

அடுத்தது 1985. ஆப்பிளின் லேசர்ரைட்டர், உள்ளே அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட். விலை 6,995 டாலர். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச தகவல்: அந்த பிரிண்டருக்குள்ள இருந்த பிராசஸர் 12 மெகாஹெர்ட்ஸ், மெமரி ஒன்றரை எம்பி. அதுக்கு வேலை கொடுக்கிற மேக்கின்டாஷ் கிட்டத்தட்ட 8 மெகாஹெர்ட்ஸ், அரை எம்பி. அதாவது எஜமானைவிட வேலைக்காரன் புத்திசாலி! அதனால கம்ப்யூட்டர், "இந்த இடத்துல இந்த எழுத்து"ன்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கும். புள்ளியா மாத்துற கணக்கெல்லாம் பிரிண்டர் தலையில. எங்கே மூளை இருக்கோ அங்கே வேலை. அந்த விலைக்கு ஆளுக்கு ஒண்ணு வாங்க முடியாதுங்கறதால ஆபீஸே நெட்வொர்க்ல பகிர்ந்துக்கிச்சு. பிரிண்டர் பொதுச் சொத்தாச்சு.

லேசர்ரைட்டர் கறுப்பு வெள்ளைதான். ஆனா போஸ்ட்ஸ்கிரிப்டுக்குள்ள நிறத்துக்கும் ஒரு வழி வெச்சாங்க. ஆர்.ஜி.பி. நிறத்தை மைக்கு மாத்த என்ன சூத்திரம் தெரியுமா? ஒன்றிலிருந்து சிவப்பைக் கழிச்சா சயான். பச்சையைக் கழிச்சா மெஜந்தா. நீலத்தைக் கழிச்சா மஞ்சள். மூணுலயும் பொதுவா இருக்கிறதை எடுத்துக் கறுப்பாக்கு. முடிஞ்சது. காலேஜ் முதல் செமஸ்டர் அசைன்மென்ட் மாதிரி இருக்கும்.

இப்போ ஸ்க்ரீனின் சுத்தமான நீலத்தை இந்தச் சூத்திரத்துல போடுங்க. சயான் 100, மெஜந்தா 100. பேப்பர்ல அது என்னவா வரும்? கத்திரிப்பூ! சயான் அளவுக்கே மெஜந்தா போனா நீலம் ஊதாவாயிடும்னு பழைய ஆர்ட்டிஸ்ட் எல்லாருக்கும் தெரியும். மெஜந்தாவை முப்பது சதவீதமாவது குறைச்சு வைன்னு சொல்லுவாங்க. சூத்திரத்துக்கு அது தெரியாது, ஏன்னா அது உத்தமமான மையை நம்பி எழுதினது.

அடுத்து வர்றவர் எஃபி அராஸி. ஸைடெக்ஸ் என்ற இஸ்ரேல் கம்பெனியை 1968-ல் ஆரம்பிச்சவர். பெரிய பெரிய பத்திரிகைகளுக்குக் கோடிக்கணக்கான விலையில் வண்ணப் பக்கம் தயாரிக்கிற கம்ப்யூட்டர் வித்தாங்க. அவரே அதைவிட்டு வெளியே வந்து, தன் பேர் மாதிரியே எழுத்து வர்ற இ.எஃப்.ஐ. என்ற கம்பெனியை கலிஃபோர்னியாவில் ஆரம்பிச்சார். 1991-ல் வந்தது அவங்களோட ஃபியரி. கேனன் கலர் காப்பியர் பக்கத்துல ஒரு பெட்டி. ஒரு பக்கம் ஆபீஸ் நெட்வொர்க், மறு பக்கம் காப்பியர். ஜெராக்ஸ் எடுத்துட்டிருந்த மெஷின் அன்னிக்கே எல்லாரும் பகிர்ந்துக்கிற கலர் பிரிண்டர் ஆயிடுச்சு. இன்னிக்கு நாம பிரஸ்ல பார்க்கிற பிரிண்ட் சர்வருக்கு அதுதான் பாட்டன்.

நிறம் மாத்துற வேலை அந்தப் பெட்டிக்குள்ள போனதுக்குக் காரணம் தத்துவம் இல்லை, மெமரி. 400 புள்ளி அடர்த்தியில் ஒரு ஏ4 பக்கம்னா ஒன்றரைக் கோடி புள்ளிக்கு மேல. நாலு நிறம்னா 60 எம்பி. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல 4 எம்பி இருந்தாலே ஊரைக் கூட்டிக் காட்டின காலம் அது.

ஆனா சர்வர்ல மாத்துறதுல நிஜமாவே ஒரு நியாயம் இருக்கு. மை என்ன, பேப்பர் என்ன, மெஷினை இன்னிக்குக் காலையில அளந்து பார்த்தப்போ என்ன வந்துச்சு, இதெல்லாம் தெரிஞ்ச இடம் அதுதான். பேப்பரை மாத்தினா ஒரே இடத்துல மாத்தினா போதும், ஐம்பது பேர் கம்ப்யூட்டர்ல போய் மாத்த வேண்டாம். ஒரு ப்ரோகிராமரா என் ஓட்டு இதுக்குத்தான் விழும். ஒரு விஷயத்தை நாலு இடத்துல எழுதி வெச்சா என்ன ஆகும்னு நம்ம எல்லாருக்கும் தெரியுமே.

மேஜைக் கம்ப்யூட்டர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஸ்க்ரீன்ல தெரியுற சில நிறங்கள் மைல வரவே வராது. எதையாவது விட்டுக் கொடுத்துத்தான் ஆகணும். பளபளப்பை விடலாமா, சாயலை விடலாமா? அது படத்தைப் பொறுத்தது. தோல் நிறத்துல சாயல் மாறினா உயிரே போயிடும். வானத்துல கொஞ்சம் மாறினா யாரும் கவனிக்க மாட்டாங்க. கல்யாணப் பொண்ணு நீலத்துக்காக ஒத்தைக்கால்ல நிக்கிறான்னு சர்வருக்கு எப்படித் தெரியும்? அது டிசைன் பண்றவங்க கண்ணுக்கு முன்னாடி நடக்க வேண்டிய முடிவு. சர்வருக்கு மை தெரியும், மேஜைக்கு மனசு தெரியும். சித்தப்பா மண்டையில ஒண்ணா இருந்த ரெண்டையும் கம்ப்யூட்டர் ரெண்டு பெட்டியா வெட்டிடுச்சு.

ரெண்டு பெட்டியும் பேசிக்க ஒரு மொழி வேணுமில்லையா? 1993-ல் ஆப்பிள் கலர்சிங்க்கைக் கொண்டு வந்தது. அதே வருஷம் அடோபி, அக்ஃபா, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட், சிலிக்கான் கிராஃபிக்ஸ், சன், டாலிஜென்ட் என்று எட்டு கம்பெனி சேர்ந்து ஐ.சி.சி. அமைப்பை ஆரம்பிச்சாங்க. பத்து ஸ்கேனர், பத்து பிரிண்டர் இருந்தா ஜோடி ஜோடியா நூறு மாற்று அட்டவணை வேணும். நடுவுல எல்லாருக்கும் பொதுவா ஒரு நிறக் கணக்கு வெச்சுக்கிட்டா இருபது போதும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு புரொஃபைல், அவ்வளவுதான்.

அந்தப் பொதுக் கணக்கு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? 1920களின் கடைசியில் இங்கிலாந்தில் டேவிட் ரைட் என்பவர் 10 பேரை வெச்சும், ஜான் கில்டு என்பவர் 7 பேரை வெச்சும் நிறத்தைப் பொருத்திப் பார்க்கச் சொல்லிச் சோதனை பண்ணினாங்க. அதை வெச்சு 1931-ல் சர்வதேச ஒளியியல் ஆணையம் ஒரு சராசரி மனுஷக் கண்ணை வரையறுத்தது. பதினேழு பேர்! இன்னிக்கு உலகம் பூரா அடிக்கிற சினிமா போஸ்டர்லேருந்து சோப்பு டப்பா வரைக்கும் அந்தப் பதினேழு பேரோட கண் வழியாத்தான் போகுது. சாம்பிள் சைஸ் பத்தாதுன்னு என் ப்ராஜக்ட்ல இருந்தா ரிவ்யூல திருப்பி அனுப்பியிருப்பாங்க :-)

மொழி வந்ததும் பிரச்சினை தீர்ந்துடும்னு நினைப்பீங்க. இல்லை, இப்பத்தான் ஆரம்பம். கம்ப்யூட்டர்களுக்கும் மூளை வளர்ந்திடுச்சு. ஃபோட்டோஷாப், "நான் மாத்துறேன்" என்றது. விண்டோஸ், "நான் மாத்துறேன்" என்றது. சர்வர்தான் ஏற்கனவே மாத்திக்கிட்டிருக்கே! பழைய விண்டோஸ் போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர்ல அட்வான்ஸ்டுன்னு ஒரு பட்டன் அமுக்கினா வரும்: நிற மேலாண்மை வேண்டாம், இந்தக் கம்ப்யூட்டர் பண்ணட்டும், பிரிண்டர் பண்ணட்டும். ஃபோட்டோஷாப் பிரிண்ட் விண்டோவிலயும் கிட்டத்தட்ட அதே கேள்வி. அங்கே ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, இங்கே ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா? ஒருத்தரும் மாத்தலைன்னா படம் சோகை பிடிச்ச மாதிரி வரும். ரெண்டு பேர் மாத்தினா சாயல் ஓடிடும். சரியா ஒருத்தர் மட்டும் மாத்தணும். நம்ம ஊர்ப் பந்தி மாதிரிதான். சாம்பார்ல உப்பு போட்டாச்சான்னு கேக்காம ஆளாளுக்குப் போட்ட கதை.

(நடுவுல ஒரு சின்னக் கிளைக்கதை. 1998-ல் வந்த ஃபோட்டோஷாப் 5-ல், ஒரு தொலைக்காட்சித் தரத்தின் பெயரில் ஒரு நிற வெளியைச் சேர்த்தாங்க. அப்புறம் பார்த்தா, ஆவணத்துல தப்பான இடத்திலிருந்து எண்களை எடுத்திருந்தாங்க, அதையும் பிழையா டைப் பண்ணியிருந்தாங்க. ஆனா அந்தத் தப்பு அச்சுக்காரங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. பேரை மட்டும் அடோபி ஆர்.ஜி.பி. 1998-னு மாத்திட்டு அப்படியே விட்டுட்டாங்க. கேமராக்களில் இன்னிக்கும் இருக்கு. பக்கை அம்சம்னு சொல்லி வித்ததுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.)

இந்தச் சண்டை தொழில்நுட்பத்தைப் பத்தினது இல்லைன்னு எனக்குப் புரிஞ்சது பி.டி.எஃப்./எக்ஸ் தரங்களைப் படிச்சப்போதான். 2001-ல் எக்ஸ்-1ஏ வந்தது. அதுல ஆர்.ஜி.பி.க்கே இடம் கிடையாது. அனுப்புறவர் எல்லாத்தையும் மையா மாத்தித்தான் அனுப்பணும். அடுத்த வருஷமே, 2002-ல் எக்ஸ்-3. அதுல ஆர்.ஜி.பி. இருக்கலாம், புரொஃபைலோட அனுப்பு, அச்சகத்துல மாத்திக்கலாம். முதலாவதுக்கு அமெரிக்க விளம்பர உலகத்துல செல்வாக்கு, ரெண்டாவதுக்கு ஐரோப்பாவுல. ஒரே ஐ.எஸ்.ஓ. வரிசை, எதிரெதிர் பதில்! ஏன்னா கேள்வி எங்கே மாத்தினா நிறம் நல்லா வரும் என்பது இல்லை. ஒரு முழுப்பக்க விளம்பரம் கெட்டுப் போச்சுன்னா காசு யார் கொடுக்கிறது என்பதுதான். எண்களைக் கடைசியாத் தொட்டவன் மாட்டினான். அச்சகத்துக்காரங்க எக்ஸ்-1ஏ கேட்டதுல எனக்கு அவங்க மேல கோபமே வரலை. 2008-ல் எக்ஸ்-4 வந்தப்போ ஆர்.ஜி.பி.யை அனுமதிக்கிற பக்கம்தான் சாய்ஞ்சாங்க. ஆனா மூணு தரத்துலயும் ஒரு விஷயம் கட்டாயம்: இந்த ஃபைல் எந்த அச்சு நிலைமையை மனசுல வெச்சுத் தயாரானதுன்னு உள்ளேயே எழுதி வைக்கணும்.

எங்க பத்திரிகை ஃபைல்ல அது எழுதியிருந்துச்சு. சர்வர் அதைப் படிக்கலை.

நானும் சித்தப்பாவும் அன்னிக்கு சாயங்காலமே பிரஸ்ஸுக்குப் போனோம். அக்காவோட ஃப்ரெண்டு ஒழுங்கான பொண்ணு. பிரஸ்ல கேட்டு, அந்த மெஷினோட புரொஃபைலையே வாங்கி, தன் கம்ப்யூட்டர்லயே நீலத்தைப் பார்த்துப் பார்த்து மாத்தியிருக்கா. எழுத்தை மட்டும் வெறும் கறுப்பு மைல வெச்சிருக்கா. ஆனா சர்வர்ல, "உள்ளே வர்ற மை எண்கள் எல்லாம் அமெரிக்க ஸ்வாப் தரத்துக்கானவை, அதை நம்ம மெஷினுக்கு மாத்து"ன்னு ஒரு ஆப்ஷன் டிக் ஆகியிருந்தது. அது பாவம், சொன்னதைச் செஞ்சிருக்கு. ஏற்கனவே மாத்தினதை மறுபடி மாத்தியிருக்கு.

சித்தப்பா லென்ஸ்ல பார்த்தது என்னன்னா, கறுப்பு எழுத்தோட ஓரத்துல சிவப்பும் நீலமுமா புள்ளி. நாலு மையை நடுப்பொதுக் கணக்குக்குக் கொண்டு போய் மறுபடி மையாக்கும்போது, 'வெறும் கறுப்பு' என்ற தகவல் தொலைஞ்சிடும். நிறம் கறுப்புன்னு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். திரும்ப வரும்போது நாலு மையும் கலந்து கறுப்பு பண்ணிக்கொடுக்கும். (டிவைஸ் லிங்க்னு ஒரு வகை புரொஃபைல் இதுக்குன்னே இருக்கு, நேரா மைலேருந்து மைக்கு, கறுப்பைத் தொடாம.) வெறும் கறுப்பா அனுப்பின எழுத்துல கலர் தெரிஞ்சா, நடுவுல யாரோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

பிரஸ்ல இருந்த தம்பிக்கு 22 வயசு இருக்கும். "அண்ணே, இந்த ஆப்ஷனை நான் தொட்டதே இல்லண்ணே. மெஷின் வந்தன்னிக்கு இஞ்சினியர் செட் பண்ணிட்டுப் போனது" என்றான். பொய் சொல்லலை. டிசைன் பண்ணின பொண்ணும் தப்பு பண்ணலை. மெஷின் போட்ட இஞ்சினியர், எல்லாரும் செய்யறதைத்தான் செஞ்சிருப்பார். சித்தப்பா அவன் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "திட்ட வரலை தம்பி, அதை எடுத்துட்டு ஒண்ணு அடிச்சுப் பாரேன்" என்றார். அடிச்சான். நீலம் வந்துச்சு. அசல் மயில்கழுத்து இல்லைதான். அது ஊடு ஒரு நிறம், பாவு ஒரு நிறமா நெய்யறதால திருப்பத் திருப்ப மின்னுறது, பேப்பர்ல வராதுன்னு சித்தப்பா சொன்னார். மிச்சம் 300-ம் அப்படியே அடிச்சு வாங்கினோம்.

திரும்பி வர்றப்போ பஸ்ல கேட்டேன், அவரோட பழைய ஸ்கேனர் என்னாச்சுன்னு. 2003-ல் எடைக்குப் போட்டாங்களாம். கண்ணாடி உருளையை மட்டும் எடுத்து வெச்சுக்கட்டுமான்னு கேட்டாராம், சரின்னுட்டாங்களாம். சித்தி அதுல பிளாஸ்டிக் பூ வெச்சிருக்காங்க. பல வருஷமா அந்த வீட்டுக்குப் போயிட்டு வர்றேன், ஏதோ பூ ஜாடின்னு நினைச்சிருந்தேன்.

இன்னிக்கு நீங்க மொபைல்லேருந்து பிரிண்ட் கொடுத்தா கதை திரும்ப ஆரம்பிச்ச இடத்துக்கே போயிடும். 2010-ல் ஏர்பிரிண்ட் வந்ததிலிருந்து ஃபோனில் டிரைவர்னு ஒண்ணு கிடையாது. 1996-ல் ஹெச்.பி.யும் மைக்ரோசாஃப்ட்டும் முன்வெச்ச எஸ்.ஆர்.ஜி.பி. நிறத்துல ஃபோன் படத்தை அனுப்பிடும். மை கணக்கெல்லாம் பிரிண்டரே பார்த்துக்கும். இப்போ ஃபோனுக்குத்தான் மூளை ஜாஸ்தி, இருந்தும்!

முதல்ல வந்த கத்திரிப்பூ 200-ஐத் தூக்கிப் போட அம்மாவுக்கு மனசு வரலை. தூரத்து சொந்தத்துக்குக் கொடுத்துடலாம்னு தனியாக் கட்டி வெச்சாங்க. எந்தக் கட்டு எதுன்னு அப்பா கவனிக்காம, பெரியத்தை வீட்டுக்குக் கத்திரிப்பூவைக் கொடுத்துட்டார். அவங்க சம்பந்தி வீட்டுக்கு நீலம் போயிருக்கு. மண்டபத்துல வெச்சு அத்தை அப்பாவை நிறுத்திக் கேட்டாங்க, "ஏண்டா, எங்களுக்கு மட்டும் தனியா மட்டமா ஒரு பத்திரிகை அடிச்சியோ?" அப்பா என்னைக் கையைக் காட்டினார். நான் சர்வர், புரொஃபைல்னு ஆரம்பிச்சேன். அத்தை இன்னும் எங்க வீட்டுக்கு வரலை.